வானோடியும் அவர் ஊர்தியும்

சேலம் நகருக்கு வடக்கே வானளாவ எழுந்து நிற்பது சேர்வராயன் மலை. அம்மலையின்மீது அமைந்த ஏற்காட்டுக்குச் செல்வோர், காப்பித் தோட்டங்களையும் ஏரியையும் கண்டு மகிழ்வர். கண்ணைக் கவரும் இக்காட்சிகளேயன்றிக் கருத்தைக் கவரும் செய்திகள் இரண்டும் அம்மலைக்கு உண்டு. புதிய கற்காலத்து மக்கள் தீட்டிப் பயன்படுத்திய கற்கோடரிகள் அங்குக் கிடைத்துள்ளமை ஒன்று. அலுமினியம் என்னும் உலோகத்துக்கு மூலமாகிய பாக்சைட் என்னும் கனிமம் அம்மலையின் உச்சியில் பொதிந்து கிடப்பது மற்றொன்று. மனிதன் தன் கையில் ஏந்திய பழங்கருவியும், அவனை வானில் ஏந்திச் செல்லும் விமானத்தின் உடலுக்கு உரிய உலோகத்தின் மூலமும் ஒரே மலையில் காணப்படுதல் வியப்பன்றோ?

அக்கற்கருவிகளின் அருமையை உணர்ந்தவர் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர். தம் முதுமைக் காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்த அவர், தென்னாட்டில் பல இடங்களிலும் அலைந்து திரட்டிய கருவிகளைச் சென்னை அருங்காட்சியகம் 1904 ஆம் ஆண்டில் பெற்றுக்கொண்டது. வெறுங்கல் என்று பிறர் மிதித்துச் சென்றதை அவர் வரலாறு என்று கையில் எடுத்தார். கல்லுக்குப் பொருந்தும் இவ்வுண்மை உலோகத்துக்கும் பொருந்தும். பயனற்ற உலோகக் குவியலாகப் பல்லாண்டு கிடந்து, பின்னர் வரலாற்றுச் செல்வமென மீட்கப்பெற்ற விமானம் ஒன்று நம் நாட்டில் உண்டு. அஃது ஒடிசா மாநிலத்தின் பெருந்தலைவராக விளங்கிய பிஜு பட்நாயக்கின் டக்கோட்டா விமானமாகும். அவ்விமானத்தின் பெருமையை அறிய வேண்டுமாயின், அதற்கு உரியவரின் வாழ்வை முதலில் அறிதல் வேண்டும்.

இளமை

பிஜு பட்நாயக் 1916 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 5 ஆம் நாள் கட்டாக்கு நகரில் பிறந்தார். தந்தையார் இலட்சுமி நாராயண பட்நாயக், தாயார் ஆசாலதா. அவர்தம் முன்னோர் வாழ்ந்த கஞ்சம் மாவட்டம், 1936 ஆம் ஆண்டில் ஒரிசா தனி மாகாணமாகும் வரையில் சென்னை மாகாணத்தோடு இணைந்திருந்தது.

கட்டாக்கு நகரில் ஆண்டுதோறும் கார்த்திகைத் திங்களின் முழுநிலா நாளில் பாலி யாத்திரை என்னும் விழா நிகழும். முற்காலத்தில் கலிங்க நாட்டு வணிகர் பாய்மரக் கலங்களில் பாலித் தீவுக்கும் சாவகத்துக்கும் சென்றதை நினைவுகூரும் விழா அது. சிறுவர்கள் சின்னஞ்சிறு படகுகளில் விளக்கேற்றி நீரில் மிதக்க விடுவர். அவ்வூரில் வளர்ந்த பிஜு, பிற்காலத்தில் கடல் வழியாக அன்றி வான் வழியாகவே சாவகத்துக்குச் செல்லப் போகிறார் என்பதை அன்று எவர் அறிந்திருப்பர்?

இளமையிலேயே அவருக்குத் துணிவு மிகுதி. மாணவராக இருந்தபோது நண்பர்களுடன் மிதிவண்டியில் கட்டாக்கிலிருந்து பெசாவர் வரையில் நெடும்பயணம் செய்தார். இரேவன்சா கல்லூரியில் அறிவியல் பயின்றுகொண்டிருந்த அவர், வானில் பறக்கும் வேட்கை மேலிட, அப்படிப்பை இடையிலே விடுத்து விமானம் ஓட்டும் பயிற்சியில் சேர்ந்தார். அந்நாளில் விமானம் ஓட்டுதல் அரிய கலையாகவும் ஆபத்து மிகுந்த தொழிலாகவும் இருந்தது. வழிகாட்டும் கருவிகள் மிகக் குறைவு. ஆற்றையும் இருப்புப் பாதையையும் மலைமுகட்டையும் பார்த்தே பல வானோடிகள் திசை தெரிந்துகொண்டனர். இக்கலையில் தேர்ந்த பட்நாயக், இந்தியன் நேஷனல் ஏர்வேசு என்னும் நிறுவனத்தில் விமானியாகப் பணியேற்றார். பஞ்சாப் மாநிலத்தைச் சார்ந்த ஞான் என்னும் நங்கையை மணந்தார். அவ்வம்மையாரும் விமானம் ஓட்டப் பயின்றவர்.

போரும் சிறையும்

இரண்டாம் உலகப் போர் மூண்டது. 1942 ஆம் ஆண்டில் சப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தபோது, இரங்கூனில் சிக்கிய மக்களை விமானத்தில் ஏற்றிக் கொண்டுவரும் பணியில் பட்நாயக்கும் ஈடுபட்டார். அயலார் அரசின் பணியைச் செய்துகொண்டே அவர் தாய்நாட்டின் விடுதலைக்கும் பாடுபட்டார். வெள்ளையனே வெளியேறு என்னும் இயக்கம் நாடெங்கும் பரவிய காலம் அது. தலைமறைவாய் இருந்த தலைவர்களை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு மறைவாகக் கொண்டு சேர்த்தார். விடுதலை வேட்கையைத் தூண்டும் துண்டறிக்கைகளைப் பறந்துகொண்டே வீசினார்.

இச்செயல்கள் நெடுநாள் மறைந்திருக்கவில்லை. 1943 ஆம் ஆண்டில் அரசு அவரைச் சிறைப்படுத்தியது. விரிந்த வானத்தில் உலாவியவர் ஈராண்டுகளுக்கு மேலாகச் சிறைச் சுவர்களுக்குள் அடைபட்டார். ஆயினும், அவர் ஊக்கம் குன்றவில்லை.

கலிங்க விமான நிறுவனம்

விடுதலை பெற்று வெளிவந்த பட்நாயக், கலிங்க விமான நிறுவனத்தைத் தொடங்கினார். கல்கத்தா நகரிலிருந்து அது தொழிற்பட்டது. போர் முடிந்தபின் படையினருக்கு வேண்டாதனவாகிய டக்கோட்டா விமானங்கள் பல மலிவாக விற்கப்பட்டன. அவற்றைப் பெற்றே அந்நாளைய இந்திய விமான நிறுவனங்கள் பலவும் தொழில் நடத்தின. கலிங்க நிறுவனமும் அவற்றையே நம்பியிருந்தது.

டக்கோட்டாவின் இயல்பை ஈண்டு அறிதல் நன்று. அமெரிக்காவில் டக்ளசு நிறுவனத்தார் அமைத்த இவ்வகை விமானம், 1935 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 17 ஆம் நாள் முதன்முதலாகப் பறந்தது. போர்க்காலத்தில் 10,000-க்கும் மேற்பட்டவை கட்டப்பெற்றன. ஒரு சிறகின் நுனியிலிருந்து மறு சிறகின் நுனி வரையில் 95 அடி. உடலின் நீளம் ஏறத்தாழ 64 அடி. ஒவ்வொன்றும் 1,200 குதிரைத் திறனுள்ள பொறிகள் இரண்டு, சிறகுகளில் பொருத்தப்பட்டிருந்தன. மெல்லிய அலுமினியக் கலவைத் தகடுகளை ஆணிகளால் இறுக்கி அதன் உடலை அமைத்தனர். செப்பமான ஓடுதளம் இல்லாத இடத்திலும், புல்வெளியிலும் மண் தரையிலும் அஃது இறங்கி ஏறவல்லது. இவ்வியல்பே பின்னர்ப் பட்நாயக்கின் அருஞ்செயலுக்குத் துணையாயிற்று.

சாவகப் பயணம்

மணிமேகலைக் காப்பியத்தில் சாவகம் என்று குறிக்கப்படும் நாடு, இந்தோனேசியத் தீவுகளுள் ஒன்றாகும். நெடுங்காலம் டச்சுக்காரர் ஆட்சியில் இருந்த இந்தோனேசியா, 1945 ஆம் ஆண்டு ஆகசுடுத் திங்கள் 17 ஆம் நாள் தன் விடுதலையை அறிவித்தது. அதனை ஏற்க மறுத்த டச்சுக்காரர், 1947 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 21 ஆம் நாள் பெரும்படையுடன் தாக்கத் தொடங்கினர். கடலும் வானும் அவர்கள் காவலில் இருந்தன. அந்நாட்டின் முறையீட்டை உலக மன்றத்தில் எடுத்துரைக்க வல்லவர், முதல் தலைமை அமைச்சராக இருந்து விலகிய சுதான் சியாரிர் ஆவார். அவரை வெளியே கொண்டுவருவது யார்? எவ்வாறு?

இந்தியா அப்பொழுது முழு விடுதலை பெறவில்லை. அதற்கு இன்னும் சில கிழமைகள் இருந்தன. இடைக்கால அரசின் தலைவராக இருந்த சவகர்லால் நேரு, இப்பொறுப்பைப் பட்நாயக்கிடம் ஒப்படைத்தார். டச்சுக்காரர் காவல் காக்கும் வான்வெளியில் இசைவின்றி நுழையும் விமானம் சுட்டு வீழ்த்தப்படலாம் என்பதைப் பட்நாயக் அறிந்தே இருந்தார். ஆயினும், அவர் தயங்கவில்லை. ஞான் அம்மையாரும் உடன் புறப்பட்டார். அவர்தம் இளைய மகன் நவீன் அப்பொழுது ஓர் ஆண்டும் நிரம்பாத கைக்குழந்தை. குழந்தையைப் பிறரிடம் விட்டுவிட்டு, பெற்றோர் இருவரும் வேறொரு நாட்டின் விடுதலைக்காகத் தம் உயிரைப் பணயம் வைத்தனர்.

டக்கோட்டா விமானம் கடலைக் கடந்து சாவகத்தை அடைந்தது. செப்பமற்ற தளம் ஒன்றில் இறங்கியது. சியாரிரை ஏற்றிக்கொண்டு விரைந்து எழுந்தது. சிங்கப்பூர் வழியாக அவர் டில்லியை நலமே வந்தடைந்தார். இந்தியாவும் ஆசுதிரேலியாவும் இவ்வழக்கை உலக நாடுகள் மன்றத்தின் பாதுகாப்பு அவைக்குக் கொண்டு சென்றன. போரை நிறுத்துமாறு அவ்வவை ஆகசுடுத் திங்கள் முதல் நாள் இருதரப்பாரையும் வேண்டியது. அதே திங்கள் 14 ஆம் நாள் சியாரிர் அவ்வவையின்முன் தோன்றித் தம் நாட்டின் குறையை எடுத்துரைத்தார்.

எரிந்த விமானம்

இவ்வெற்றிக்கு இடையே பெருந்துயரம் ஒன்றும் நேர்ந்தது. பட்நாயக்கிற்கு உரிய மற்றொரு டக்கோட்டா, மலாயாச் செஞ்சிலுவைச் சங்கத்தார் வழங்கிய மருந்துப் பொருள்களை ஏற்றிக்கொண்டு, 1947 ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 29 ஆம் நாள் சிங்கப்பூரிலிருந்து யோக்கியகர்த்தாவுக்குச் சென்றது. இறங்கும் தறுவாயில் டச்சுப் போர் விமானங்கள் அதனைச் சுட்டு வீழ்த்தின. அதில் இருந்த ஒன்பதின்மருள் எண்மர் மாண்டனர்; ஒருவரே பிழைத்தார். இந்தோனேசிய வான்படையைத் தோற்றுவித்த முன்னோடிகளாகிய அதிசுசிப்தோ, அப்துல் இரகுமான் சாலே ஆகியோரும், ஆசுதிரேலிய விமானி ஒருவரும், இந்தியப் பொறியாளர் ஒருவரும் மாண்டோருள் அடங்குவர். பல நாட்டாரின் குருதி ஒரே நிலத்தில் கலந்தது. ஆண்டுதோறும் அந்நாளை இந்தோனேசிய வான்படையினர் நினைவு நாளாகப் போற்றுகின்றனர். விமானம் வீழ்ந்த இடத்தில் நினைவுச் சின்னமும் எழுப்பப்பட்டுள்ளது.

தம் விமானம் எரிந்ததும் பட்நாயக் அஞ்சி ஒதுங்கவில்லை. அதே ஆண்டின் அக்டோபர்த் திங்களில் காசுமீரத்தின்மீது படையெடுப்பு நிகழ்ந்தபோது, இந்தியப் படையினரைச் சீநகருக்கு ஏற்றிச் சென்ற டக்கோட்டாக்களின் அணியில் அவர் பங்கும் இருந்தது. பயணிகளை ஏற்றிச் செல்லும் எளிய ஊர்தி, நாட்டின் எல்லையைக் காக்கும் கருவியாக ஓரிரவில் மாறியது.

1949 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 27 ஆம் நாள் டச்சுக்காரர் இந்தோனேசியாவின் இறைமையை ஏற்றுக்கொண்டனர். அந்நாடு பட்நாயக்கைத் தன் மண்ணின் மைந்தர் என்று பாராட்டியது. 1995 ஆம் ஆண்டில், விடுதலையின் பொன்விழாவின்போது, உயரிய விருது ஒன்றையும் அளித்துச் சிறப்பித்தது.

பிற்கால வாழ்வு

1953 ஆம் ஆண்டில் இந்திய விமான நிறுவனங்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டபோது, கலிங்க நிறுவனத்தின் முறையான போக்குவரத்துப் பணி இந்தியன் ஏர்லைன்சுடன் இணைந்தது. பட்நாயக் தொழில் துறையிலும் அரசியலிலும் தம் ஆற்றலைச் செலுத்தினார். அறிவியலை மக்களிடையே பரப்புவோர்க்கு உரிய கலிங்கப் பரிசை அவர் ஈந்த பொருளைக்கொண்டே யுனெசுகோ நிறுவியது. 1952 ஆம் ஆண்டு முதல் அப்பரிசு வழங்கப்படலாயிற்று. 1961 ஆம் ஆண்டில் ஒரிசாவின் முதலமைச்சரானார். பாரதீப் துறைமுகம் உருவாவதற்குப் பெரிதும் பாடுபட்டார். கட்சிப் பணிக்காகப் பதவி துறக்க வேண்டும் என்று காமராசர் வகுத்த திட்டத்தை ஏற்று, 1963 ஆம் ஆண்டில் பதவியைத் துறந்தார். காமராசர் சென்னையில் பதவி விலகிய அதே நாளாகிய காந்தியடிகள் பிறந்த நாளில் அவரும் விலகினார். பின்னர் நடுவண் அமைச்சராகவும், 1990 முதல் 1995 வரையில் மீண்டும் முதலமைச்சராகவும் விளங்கினார். 1997 ஆம் ஆண்டு ஏப்பிரல் திங்கள் 17 ஆம் நாள் இவ்வுலக வாழ்வை நீத்தார். ஒடிசாவின் தலைநகராகிய புவனேசுவரத்தின் விமான நிலையம் அவர் பெயரைத் தாங்குகின்றது.

கிடந்த விமானம்

தலைவர் மறைந்தார், அவர் நிறுவனத்து டக்கோட்டாக்களுள் ஒன்று மட்டும் கல்கத்தா விமான நிலையத்தின் ஒரு மூலையில் பல்லாண்டுகளாகக் கிடந்தது. எழுந்தும் இறங்கியும் செல்லும் புதிய விமானங்கள் பலவற்றின் அருகே அது பறக்கும் ஆற்றல் இழந்து நின்றது. அலுமினியம் இரும்பைப்போலத் துருப்பிடிப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும், விமானத்துக்கு உரிய அலுமினியக் கலவை மழையையும் ஈரக்காற்றையும் ஓயாது தாங்க வல்லதன்று. ஆணி இறுக்கிய இடுக்குகளில் நீர் தங்கும். தகடு வெண்பொடியாய் அரித்து உதிரும். சக்கரங்களின் இரப்பர் வெடிக்கும். துணியால் போர்த்திய உறுப்புகள் கிழிந்து தொங்கும். பேணுவார் இல்லையேல், போரில் அழியாத விமானமும் மழையில் அழியும்.

அவ்விமானத்தை எடைக்கு விற்றிருந்தால், அலுமினியத்தின் விலை கிடைத்திருக்கும். உருக்காலையில் இட்டால், பாத்திரங்களாகவும் கம்பிகளாகவும் அது மாறியிருக்கும். ஆனால், எரிந்துபோன விமானத்தை எவ்வாறு மீட்க இயலாதோ, அவ்வாறே உருக்கிய விமானத்தையும் மீட்க இயலாது. உலோகம் மீண்டும் கிடைக்கும். அதனோடு ஒட்டிய வரலாறு மீண்டும் கிடைக்காது. இவ்வுண்மையை உணர்ந்தோர் வாளா இருக்கவில்லை. ஒடிசா அரசு அவ்விமானத்தை வேண்டிப் பெற்றது.

மீண்ட விமானம்

95 அடி விரிந்த சிறகுகளை உடைய ஊர்தியைச் சாலை வழியே கொண்டுசெல்வது எளிதன்று. ஆதலின், 2023 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தொழில் வல்லுநர் அதனை உறுப்பு உறுப்பாகப் பிரித்தனர். வன்மையாகக் கையாண்டால் அரித்த தகடு கிழியும். எந்த ஆணி எந்தத் துளைக்கு உரியது என்பதை மறந்தால் மீண்டும் பூட்ட இயலாது. இவ்வளவு கருத்தோடு பிரித்த உறுப்புகளைப் பெரிய சரக்கு வண்டிகள் மூன்றில் ஏற்றினர். வானில் பறந்த விமானம் வங்கத்தையும் ஒடிசாவையும் நிலத்தின் வழியே கடந்து, சனவரித் திங்களில் புவனேசுவரத்தை அடைந்தது. வழியெங்கும் மக்கள் திரண்டு நின்று அதனைக் கண்டனர்.

பின்னர் உறுப்புகளை ஒன்று சேர்த்துச் செப்பனிட்டு, விமான நிலையத்தின் வளாகத்தில் நிறுத்தினர். பட்நாயக்கின் பிறந்த நாளாகிய மார்ச்சுத் திங்கள் 5 ஆம் நாள் அது மக்கள் காட்சிக்குத் திறந்துவைக்கப்பட்டது. திறந்துவைத்தவர் அந்நாளைய முதலமைச்சர் நவீன் பட்நாயக். பெற்றோர் சாவகம் சென்ற நாளில் கைக்குழந்தையாக விடப்பட்டவர், முதுமையின் வாயிலில் நின்று தந்தையின் ஊர்தியைக் கண்டார்.

இத்தகைய முயற்சி இஃது ஒன்று மட்டுமன்று. இரண்டாம் உலகப் போரின் முடிவில் கான்பூரில் லிபரேட்டர் என்னும் பெரிய குண்டுவீச்சு விமானங்கள் குவிக்கப்பட்டன; மீண்டும் பறக்கலாகாது என்று வேண்டுமென்றே அவை சிதைக்கப்பட்டன. பெங்களூரில் இருந்த இந்துசுதான் விமானத் தொழிற்சாலையினர் அவற்றுள் ஏறத்தாழ 40 விமானங்களைச் செப்பனிட்டுப் பறக்கவிட்டனர். இந்திய வான்படையில் 1968 ஆம் ஆண்டு வரையில் பணியாற்றிய அவற்றுள் சில, இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் அருங்காட்சியகங்களை இன்று அணி செய்கின்றன. கட்டிய நாட்டார் கைவிட்டதை, இந்தியத் தொழிலாளர் காத்துத் திருப்பி அளித்தனர் எனலாம். இவ்வாறே, அயல்நாட்டில் பாழ்பட்டுக் கிடந்த டக்கோட்டா ஒன்று செப்பனிடப்பெற்று, 2018 ஆம் ஆண்டில் பரசுராமன் என்னும் பெயருடன் இந்திய வான்படையின் பழம்பெரும் விமான அணியில் சேர்ந்தது. டக்கோட்டா ஓட்டிய தந்தைக்கு மகன் செலுத்திய காணிக்கை அது.

வீரரின் வரலாற்றை நூலில் படிக்கலாம். ஆயினும், அவர் அமர்ந்த இருக்கையையும், பற்றிய சுக்கானையும், நம்பியிருந்த மெல்லிய தகட்டையும் நேரிற் காணும்போது, அவர் துணிவின் அளவு நன்கு புலனாகும். இவ்வளவு எளிய ஊர்தியிலா கடலைக் கடந்தனர் என்னும் வியப்பு உள்ளத்தில் எழும். அவ்வியப்பே அடுத்த தலைமுறையின் ஊக்கத்துக்கு வித்தாகும்.

சேர்வராயன் மலையில் கிடைத்த கற்கோடரியைத் தீட்டியவன் பெயரை எவரும் அறியார். ஆயினும், அவன் கைத்திறத்தை அக்கல் இன்றும் அறிவிக்கின்றது. டக்கோட்டாவை ஓட்டியவர் பெயரை உலகம் அறியும்; அவர் நெஞ்சுரத்தை அவ்வூர்தி அறிவிக்கும். கல்லாயினும் உலோகமாயினும், முன்னோர் உழைப்பும் துணிவும் படிந்த பொருளைப் பேணுதல் பின்வருவோர் கடனாகும். அக்கடனை உரிய காலத்தில் ஆற்றுதல் வேண்டும். காலம் கடந்தபின் இரங்கிப் பயனில்லை.